பழைய நிலம், புதிய கை

முதல் பள்ளத்துக்கு ஒரே ஒரு பலகை போதும். தூக்கிக் குறுக்கே போட்டுவிட்டு நடந்து போய்விடலாம். அடுத்த பள்ளம் அகலம். இரண்டு பலகைகளை முனையோடு முனை ஒட்ட வேண்டும். மூன்றாவதில் கம்பிப் பாதை மட்டும் அந்தரத்தில் நீள்கிறது. பலகையில் ஒரு கொக்கியை ஒட்டி, அதைக் கம்பியில் மாட்டி, மேலே ஏறி நின்று சறுக்கிப் போக வேண்டும். நான் கொக்கியைக் கொஞ்சம் ஓரமாக ஒட்டிவிட்டேன். பலகை ஒரு பக்கம் சாய்ந்தது, அதோடு நானும் போனேன். ‘தப்பு, மறுபடி செய்’ என்று திரையில் எதுவும் வரவில்லை. எடை ஒரு பக்கம் கூடினால் சாயத்தானே செய்யும்.

‘த லெஜண்ட் ஆஃப் ஜெல்டா: டியர்ஸ் ஆஃப் த கிங்டம்’ என்ற வீடியோ கேமை விளையாட ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே வரும் பாடம் இது. கேம் 2023 மே 12ஆம் தேதி வெளிவந்தது. முதல் மூன்று நாளில் உலகம் முழுக்க 1 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதாக அதைத் தயாரித்த ஜப்பானிய நிறுவனம் நின்டெண்டோ அறிவித்தது. 2017 மார்ச்சில் நின்டெண்டோவின் ஸ்விட்ச் விளையாட்டுக் கருவியோடு சேர்ந்து வந்த ‘ப்ரெத் ஆஃப் த வைல்ட்’ கேமின் நேரடித் தொடர்ச்சி. அதே நாயகன் லிங்க், அதே இளவரசி ஜெல்டா, அதே ஹைரூல் நாடு. நாட்டின் வரைபடம்கூட அதேதான்.

இதைப் பாராட்டுகிறவர்களும் திட்டுகிறவர்களும் ஆளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். என்னிடம் இரண்டு பட்டியலும் உண்டு. ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், குறை என்று எழுதியதில் பெரும்பாலானவை நிறை என்று எழுதியதற்கு உறவுக்காரர்களாக இருக்கின்றன. ‘எதையும், எந்த வரிசையிலும், எப்படி வேண்டுமானாலும் செய்துகொள்’ என்று ஒரு வாக்குறுதியைக் கேம் கொடுக்கிறது. அந்த வாக்குறுதியைக் காப்பாற்ற எங்கே உழைத்தார்கள், எங்கே சமாளித்துவிட்டார்கள் என்று பார்த்தால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

வரைபடத்திலிருந்து ஆரம்பிக்கலாம். முதல் கேமான ‘ப்ரெத் ஆஃப் த வைல்ட்’டுக்குக் கூடுதல் பகுதிகள் செய்யும்போது யோசனைகள் அளவுக்கு மீறிப் பெருகின, அதனால்தான் தனி கேமாகவே செய்ய முடிவெடுத்தோம் என்று தயாரிப்பாளர் எய்ஜி அவோனுமா 2019இலேயே சொல்லிவிட்டார். பழைய சரக்கை வைத்துப் புது விருந்து செய்வது இந்த வரிசைக்குப் புதிதும் இல்லை. 1998 நவம்பரில் ‘ஆக்கரினா ஆஃப் டைம்’ வந்தது. அதன் பாத்திர உருவங்களை எடுத்துக்கொண்டு 2000 ஏப்ரலிலேயே ‘மஜோராஸ் மாஸ்க்’ வந்துவிட்டது. அங்கே முகங்கள் பழசு, ஊர் புதுசு. இங்கே ஊரே பழசு. அதுதான் துணிச்சல்.

பலருக்கு இது பிடிக்கவில்லை. நியாயம்தான். முதல் கேமில் ஒரு மலையைத் தூரத்திலிருந்து பார்த்து, ‘அங்கே என்ன இருக்கும்?’ என்று நடந்தே போன சுகம் இரண்டாவது தடவை கிடைக்காது. மலை அங்கேயே இருக்கிறது, அதன் உச்சியில் என்ன இருந்தது என்பதும் நினைவில் இருக்கிறது. ஆனால் நூறு மணி நேரம் சுற்றிய ஒரு இடத்தை ஞாபகத்தில் வைத்திருக்கும் ஆளிடம் கேமால் வேறு ஒரு விளையாட்டு ஆட முடியும். முன்பு பாறைச்சுவராக மட்டும் இருந்த இடத்தில் இப்போது ஒரு குகை வாய். அருவிக்குப் பின்னால் ஒரு வழி. முன்பு நிம்மதியாக மீன் பிடித்துக்கொண்டிருந்த லுரெலின் கிராமத்தைக் கடற்கொள்ளையர் பிடித்து நாசமாக்கியிருக்கிறார்கள். அடித்துத் துரத்திவிட்டு, மரமும் அரிசியும் கொண்டுவந்து கொடுத்து வீடுகளை மறுபடி எழுப்ப உதவலாம். அந்தக் கிராமத்தை முன்பே பார்த்திருந்தவருக்குத்தான் அது வலிக்கும். புதிய வரைபடத்தில் இந்த வலியை உண்டாக்கவே முடியாது.

குகைகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசலாம், எனக்கு இந்தக் கேமில் மிகவும் பிடித்தவை அவைதான். 147 குகைகளிலும் ஒளிரும் தவளை ஒன்று சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே நுழைந்து, வளைந்து நெளிந்து போய், தவளையைப் பிடித்ததும், திரும்பி வர வேண்டாம். தலைக்கு மேலே இருக்கும் பாறையைப் பார்த்து ‘அசெண்ட்’ என்ற திறனைப் பயன்படுத்தினால் லிங்க் கூரையைத் துளைத்துக்கொண்டு நீந்துவது மாதிரி மேலே போய், மலை உச்சியில் தலையை நீட்டுவான். இதன் கதை சுவையானது. குகைகளைச் சோதிக்கும்போது ஒவ்வொரு தடவையும் வெளியே நடந்து வரச் சலித்துப்போய், தயாரிப்புக் குழு தன் வசதிக்கு வைத்திருந்த குறுக்குவழிதான் அது. இதையே விளையாடுகிறவருக்கும் கொடுத்தால் என்ன என்று தோன்றியதாக இயக்குநர் ஹிடெமாரோ ஃபுஜிபயாஷி பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். திரும்பி நடக்கும் சலிப்பை ஒரு திறனாக மாற்றிவிட்டார்கள்.

அசெண்ட் மாதிரி இன்னும் சில திறன்கள் லிங்கின் புதிய வலது கையில் இருக்கின்றன. ‘ரீகால்’ ஒரு பொருளை அது வந்த வழியே பின்னோக்கி நகர்த்தும். வானத்திலிருந்து விழுந்த பாறை மேல் ஏறி நின்று ரீகால் போட்டால் அது லிஃப்ட். ‘ஃப்யூஸ்’ ஆயுதத்தோடு எதையாவது ஒட்டும். எல்லாவற்றுக்கும் தலைவன் ‘அல்ட்ராஹேண்ட்’: பொருளைத் தூக்கும், திருப்பும், இன்னொன்றோடு ஒட்டும். பெயர்கூடப் பழசுதான். 1966இல் குன்பே யோகோய் வடிவமைத்து நின்டெண்டோ விற்ற, நீண்டு மடங்கிப் பொருளைப் பிடிக்கும் பொம்மைக் கையின் பெயர் அது.

வெளியிலிருந்து பார்க்க அல்ட்ராஹேண்ட் ஒரு பசைப் புட்டி. உள்ளே அது எவ்வளவு பெரிய தலைவலி என்பது 2024இல் நடந்த கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸில் தயாரிப்புக் குழுவினர் விளக்கியபோதுதான் புரிந்தது. சாதாரணமாக ஒரு கேமில் கோட்டைக் கதவு மூடுவதென்றால், அது முன்கூட்டியே செய்துவைத்த அசைவு. வழியில் என்ன இருக்கிறது என்று கதவுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். இப்போது விளையாடுகிறவர் எட்டுப் பலகை, இரண்டு சக்கரம், ஒரு கல்தூண் எல்லாவற்றையும் ஒட்டி ஏதோ ஒன்றைச் செய்து அந்தக் கதவுக்கடியில் நிறுத்துகிறார். கதவு அதை ஊடுருவிப் போக வேண்டுமா, தூக்கி எறிய வேண்டுமா? எது நடந்தாலும் அசிங்கம். அதனால் உலகத்தில் இருக்கும் பொருள்களை எல்லாம் இயற்பியல் விதிப்படி இயங்குகிறவையாக மாற்றினார்கள். கதவுக்கு எடை உண்டு, அதை இழுக்கும் விசைக்கு அளவு உண்டு. கீழே கட்டை இருந்தால் கதவு அதன் மேல் உட்கார்ந்து நிற்கும்.

ஒலியும் அப்படித்தான். குதிரை வண்டி ஓடும் சத்தம் என்று தனியாக ஒரு ஒலிப்பதிவு கேமில் கிடையாது என்று அதே உரையில் சொன்னார்கள். சக்கரம் உருளும் சத்தம், சங்கிலி குலுங்கும் சத்தம், பலகை முனகும் சத்தம் எல்லாம் சேரும்போது அது வண்டிச் சத்தமாகக் கேட்கிறது. அதனால்தான் நாமே ஏதாவது ஒரு கோணல் வண்டியைச் செய்து ஓட்டினாலும் அதற்கேற்ற கோணல் சத்தம் வருகிறது.

2022இல் வர வேண்டிய கேமை அந்த வருடம் மார்ச்சில் இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போட்டார்கள். கேம் அப்போதே ஏறக்குறைய முடிந்திருந்தது, மீதி நேரம் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கவே போனது என்று அவோனுமா பின்னால் சொன்னார். நம்பலாம். இத்தனை சுதந்திரம் கொடுக்கும் கேம் இவ்வளவு குறைவாக உடைவது அதிசயம். பொருள்களை இரட்டிக்கும் ஓட்டைகளைச் சிலர் வெளியான சில நாளிலேயே கண்டுபிடித்தார்கள். அந்த மாதமே வந்த 1.1.2 அப்டேட் முக்கியமானவற்றை அடைத்தது. அடைக்கும் முன்பு அப்டேட்டை நிறுத்திவைத்துக்கொண்டவர்களும் உண்டு.

இந்தக் கையை வைத்துச் செய்யும் வேலைகளில் எனக்குச் சலிக்காத ஒன்று அடிசன் என்கிற ஆளுக்கு உதவுவது. முதலாளி ஹட்சனின் படம் போட்ட பலகையைத் தூக்கிப் பிடித்தபடி நாடு முழுக்க 80க்கும் மேற்பட்ட இடங்களில் நிற்பான். கையை விட்டால் பலகை விழும். பக்கத்தில் கிடக்கும் கட்டைகளை வைத்து முட்டுக்கொடுத்து, ‘இப்போ விடு’ என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு பலகையும் வேறு மாதிரி சாயும். சிவில் இன்ஜினியரிங் முதல் வருடப் பாடத்தை இவ்வளவு வேடிக்கையாக யாரும் நடத்தியிருக்க மாட்டார்கள். அவன் கையை எடுத்ததும் பலகை ஒரு நொடி ஆடும் பாருங்கள், அந்த ஒரு நொடி.

சரி, சுதந்திரம் சுதந்திரத்தையே தின்னும் இடத்துக்கு வருவோம். இரண்டு மின்விசிறி, ஒரு ஸ்டீரிங். விசிறிகளை முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகச் சாய்த்து ஒட்டினால் பறக்கும் பைக். கேம் வெளியாகிக் கொஞ்ச நாளிலேயே இந்த அமைப்பு பரவிவிட்டது. பாட்டரி தீரும்வரை பறக்கும், எங்கே வேண்டுமானாலும் இறங்கும், மூன்றே பாகம் என்பதால் செலவும் அற்பம். ‘ஆட்டோபில்ட்’ என்ற திறன் கிடைத்தபிறகு, ஒருமுறை செய்ததைப் பட்டனைத் தட்டினால் மறுபடி செய்துகொடுக்கும். கையில் பாகம் இல்லாவிட்டால் ஒரு பாகத்துக்கு மூன்று ஸோனைட் தாது வாங்கிக்கொள்ளும். ஒன்பது கல் கொடுத்தால் ஒரு பைக். நடக்கும் ரோபோ, குண்டு போடும் விமானம் என்று அசத்தியவர்கள் அசத்திக்கொண்டே இருந்தார்கள். நம்மைப் போன்ற மற்றவர்கள் பைக்கில் ஏறி உட்கார்ந்தவர்கள் இறங்கவே இல்லை.

இதற்கு மாற்றாகக் கேம் வைத்திருந்த இறக்கையும் பலூனும் கொஞ்ச நேரம் பறந்ததும் மினுக்கி மினுக்கி மறைந்துவிடும். அழகான கிளைடரைச் செய்து பாதிக் கடலைத் தாண்டும்போது இறக்கை காணாமல் போனால், அடுத்த தடவை யார் அதைச் செய்வார்கள்? நல்லதற்குக் கட்டுப்பாடு போட்டுவிட்டு, மலிவானதைக் கட்டுப்பாடு இல்லாமல் விட்டுவிட்டார்கள். தயாரிப்பாளர்கள் தெரிந்துதான் விட்டார்கள் என்பது என் ஊகம். பைக்கை முடக்கியிருந்தால் அதற்கும் கத்தியிருப்போம். ஆட்டோபில்ட் விஷயத்தில் ஒரு குறை மட்டும் சொல்ல வேண்டும்: கேமின் மிக வசதியான திறனை, நாட்டுக்கு அடியில் இருக்கும் பாதாளத்தில் நடக்கும் ஒரு துணைக்கதையின் கடைசியில் கொண்டுபோய் ஒளித்துவைத்திருக்கிறார்கள். ஐம்பது அறுபது மணி நேரம் கையாலேயே ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் ஏராளம்.

ஃப்யூஸ் பற்றி. முதல் கேமில் அதிகம் வாங்கிக்கட்டிக்கொண்டது ஆயுதங்கள் உடைவதுதான். நல்ல வாள் ஒன்று கிடைத்தால் அதை உபயோகிக்க மனம் வராமல் மூட்டையிலேயே வைத்திருப்போம். இரண்டாம் பாகம் ‘சரி, உடையாமல் செய்துவிடுகிறோம்’ என்று இறங்கிவரவில்லை. ஆயுதங்கள் இப்போதும் உடைகின்றன. போதாததற்கு ஏதோ ஒரு கெட்ட சக்தி பட்டு நாட்டில் உள்ள ஆயுதம் எல்லாம் ஆரம்பத்திலேயே அரித்துப்போயிருக்கிறது. ஆனால் பலம் இப்போது வாளில் இல்லை, அதன் முனையில் ஒட்டும் பொருளில் இருக்கிறது. அரக்கனைக் கொன்றால் அவன் கொம்பு கிடைக்கும். கொம்பைக் குச்சியில் ஒட்டினாலும் கத்தியாகிவிடும். உடைந்ததே என்ற வருத்தம் போய், அடுத்து எதை எதோடு ஒட்டலாம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அடி ஆயுதத்துக்கும் குணம் உண்டு: கெருடோ இனத்தின் ஆயுதங்கள் ஒட்டிய பொருளின் பலத்தைக் கூட்டிக்கொடுக்கும், சோரா இனத்தின் ஆயுதங்கள் நனைந்திருந்தால் ஓங்கி அடிக்கும், நைட் வாள்கள் நம் உயிரைக் காட்டும் இதயங்களில் ஒரே ஒன்று மிச்சமிருக்கும்போது வெறிகொள்ளும். அந்த ஒற்றை இதயத்தோடு அலைய ஒரு தைரியம் வேண்டும். எனக்கு இல்லை.

ஒரு புகார் வந்தால் அதைக் கேட்டு, புகாரை நீக்காமல் அதன் அர்த்தத்தையே மாற்றிவிடுவது அபூர்வமான கைவண்ணம். இரண்டாம் பாகம் எடுக்கிற எல்லாரும் இந்த ஒன்றைப் படித்துப் பார்க்கலாம்.

அதே ஃப்யூஸ் அம்புக்கு வரும்போது பொறுமையைச் சோதிக்கிறது. அம்பில் வௌவால் கண்ணை ஒட்டினால் இலக்கைத் தேடிப் போகும். குழப்பப் பூவை ஒட்டி ஒரு கூட்டத்தின் நடுவே விட்டால் அரக்கர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்வார்கள். தள்ளி உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். யோசனை பிரமாதம். செய்முறை இப்படி: வில்லை இழுத்துப் பிடி. இழுத்தபடியே மேல் பட்டனை அழுத்திப் பிடி. வலது குச்சியைத் தள்ளி, ஒற்றை வரிசையாக ஓடும் பொருள்களில் வேண்டியதைத் தேடு. ஆப்பிள், காளான், வெட்டுக்கிளி, பல்லி, கொம்பு, இறக்கை, கல். நாற்பது மணி நேரம் பொறுக்கியதெல்லாம் அந்த வரிசையில் நிற்கும். தேர்ந்தெடு, விடு. அடுத்த அம்புக்கு மறுபடி முதலிலிருந்து. அதிகம் பயன்படுத்தியதை முன்னால் கொண்டுவரும் வசதி இருக்கிறது, அது இல்லாவிட்டால் பைத்தியமே பிடித்திருக்கும். நேரம் நின்றிருக்கும்போதுதான் தேடுகிறோம் என்பதால் சாக மாட்டோம். ஆனால் சண்டையின் சூடு ஆறிவிடுகிறது. எதை வேண்டுமானாலும் ஒட்டலாம் என்றால் எல்லாவற்றையும் பட்டியலில் காட்டத்தான் வேண்டும். வாக்குறுதியின் விலை அது. பிடித்த நான்கைந்தைத் தனியாகக் குறித்துவைக்க ஒரு வழி கொடுத்திருந்தால் விலை பாதியாகியிருக்கும்.

இதைவிட எளிதில் தீர்த்திருக்கக்கூடிய எரிச்சல், முனிவர்கள். கதையில் வரும் பெரிய புதிர்க் கோயில்களில் ஒவ்வொன்றையும் முடித்ததும் ஒரு துணைவரின் நிழலுருவம் நம்மோடு வர ஆரம்பிக்கும். டூலின் காற்று வீசுவான், யூனோபோ உருண்டு போய் மோதுவான், ரிஜு மின்னல் இறக்குவாள், சைடன் நீர்க் கவசம் தருவான். திறனைப் பயன்படுத்த அவர்கள் பக்கத்தில் போய் ஏ பட்டனை அழுத்த வேண்டும். பொருளைத் தரையிலிருந்து எடுக்கவும் அதே ஏ பட்டன். விளைவு இந்தக் கேமை விளையாடிய எல்லாருக்கும் தெரியும்: கஷ்டப்பட்டு ஒரு அரக்கனை வீழ்த்தி, சிதறிக் கிடக்கும் கொம்பை எடுக்கக் குனியும் நேரத்தில் டூலின் குறுக்கே வந்து நிற்பான். பட்டனை அழுத்தினால் சுழல்காற்று கிளம்பி, எடுக்கப்போன கொம்பை மலைக்குக் கீழே தள்ளிவிடும். டூலின் அதை ரொம்ப உற்சாகமாகச் செய்வான்.

சண்டையில் நிலைமை இன்னும் மோசம். ரிஜுவின் மின்னல் பலமானது. ஆனால் அவளும் சண்டை போட ஓடிப்போயிருப்பாள். அரக்கனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நம் ஆளையே துரத்த வேண்டும். முதல் கேமின் துணைவர்களிடம் இந்தச் சிக்கலே இல்லை. குதிக்கும் பட்டனை அழுத்திப் பிடித்தால் ரிவாலியின் காற்று தூக்கிவிடும், அடிக்கும் பட்டனை அழுத்திப் பிடித்தால் ஊர்போசாவின் மின்னல், கேடயத்தைத் தூக்கினால் டாருக்கின் காவல். ஏற்கெனவே செய்யும் செயலிலேயே திறன் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டாம் பாகத்துக்கும் வழி தெரியாமல் இல்லை. காற்றில் மிதக்கும்போது டூலின் தானே பக்கத்தில் வந்து பறப்பான், ஒரே தட்டில் முன்னால் தள்ளிவிடுவான், எந்தக் குழப்பமும் கிடையாது. தரையில் மட்டும் ஏன் இப்படி விட்டார்கள்? துணைவர்கள் பட்டனாகத் தெரியாமல் ஆட்களாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கலாம். ஆசை புரிகிறது. பின்னால் சேரும் இன்னொருவரோடு ஐந்து பேர் காலைச் சுற்றி ஓடும்போது ஆட்களாகவும் தெரியவில்லை.

இனி கதை. முடிக்காதவர்கள் அடுத்த மூன்று பத்திகளைத் தாண்டிப் போய்விடுங்கள், முடிச்சை அவிழ்க்கப் போகிறேன்.

ஹைரூல் முழுக்க நிலத்தில் வரைந்த பிரம்மாண்ட ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒளிந்திருக்கும் கண்ணீர்த்துளிகள் கடந்தகாலத்துக்குப் போய்விட்ட ஜெல்டாவின் நினைவுகளைக் காட்டும். எதை முதலில் பார்ப்பது என்பது நம் விருப்பம். முதல் கேமிலும் நினைவுக் காட்சிகள் இப்படி எந்த வரிசையிலும் வந்தன. அங்கே அது அருமையாக வேலை செய்தது. காரணம், அந்தக் காட்சிகளில் மர்மம் ஏதும் இல்லை. ஒரு பெண்ணின் தனிமை, கோபம், மெல்ல வளரும் நட்பு. எந்தப் பக்கத்திலிருந்து புரட்டினாலும் புகைப்பட ஆல்பம் ஆல்பம்தான். இரண்டாம் பாகத்தின் துளிகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் காரணமும் விளைவுமாகக் கோர்த்த கதை. லிங்கின் உடைந்த வாளைச் சரிசெய்ய, ஜெல்டா தன் நினைவையும் உருவத்தையும் இழந்து டிராகனாக மாறி ஆயிரக்கணக்கான வருடம் வானில் சுற்றுகிறாள் என்பதுதான் உச்சம். ஆரம்பத்திலிருந்தே நம் தலைக்கு மேலே பறந்துகொண்டிருந்தது அவள்தான் என்று உறைக்கும் நொடிக்கு இணையாக இந்த வரிசையிலேயே வேறொன்று எனக்குத் தோன்றவில்லை. அதை ஒருவர் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ தற்செயலாகப் பார்த்துவிடலாம். பார்த்துவிட்டு ஊருக்குள் போனால், ‘இளவரசியைக் கண்டேன், ஒரு மாதிரி நடந்துகொள்கிறாள்’ என்று எல்லாரும் புலம்புவார்கள். அவள் போலி என்று நமக்குத் தெரியும். லிங்க்குக்கும் தெரியும். ஆனால் அவன் வாயைத் திறக்க மாட்டான்; அந்தப் போலியை இன்னும் பல மணி நேரம் துரத்துவான்.

பார்க்க வேண்டிய வரிசை கேமில் இல்லாமல் இல்லை. மறக்கப்பட்ட கோயிலின் சுவர்களில் ஓவியங்கள் கதை வரிசையிலேயே இருக்கின்றன. ஆனால் அதுதான் வரிசை என்று சத்தமாக யாரும் சொல்வதில்லை. வழி காட்டினால் சுதந்திரம் குறைந்துவிடுமோ என்ற தயக்கம்.

கோயில் முடிவுக் காட்சிகளிலும் அதே தயக்கம், வேறு உருவத்தில். நான்கு கோயிலையும் எந்த வரிசையிலும் முடிக்கலாம். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு பழங்கால முனிவர் தோன்றி, பேரரக்கனோடு நடந்த போர், ரகசியக் கல், தான் கொடுத்த வாக்கு என்று விவரிப்பார். யார் எதை முதலில் முடிப்பார் என்று தெரியாததால் நான்கு பேரும் ஏறக்குறைய ஒரே கதையை, ஏறக்குறைய அதே வார்த்தைகளில் சொல்கிறார்கள். ‘பேரரக்கனா? ரகசியக் கல்லா?’ என்று துணைவர் நான்காவது தடவை ஆச்சரியப்படும்போது சிரிப்புதான் வரும். இதைத் தவிர்த்திருக்க முடியும் என்றே நினைக்கிறேன். எந்தக் கோயில் என்று பார்க்காமல் இது எத்தனையாவது கோயில் என்று பார்த்து, போர்க் கதையை நான்கு பங்காகப் பிரித்துச் சொல்ல வைத்திருந்தால் போதும். கதவின் எடையைக்கூடக் கணக்குப் போட்ட குழு, கதையைச் சொல்லும் இடத்தில் மட்டும் அந்தக் கணக்கைப் போடவில்லை. முதல் கேமில் வந்த, ஷீக்கா இனத்தாரின் பழங்காலக் கருவிகளும் கார்டியன் எந்திரங்களும் எங்கே போயின என்று கேட்டால் ஒழுங்கான பதில் கிடைக்காததையும் இந்தக் கணக்கிலேயே எழுதிக்கொள்ளலாம்.

அந்தக் கோயில்களுக்குப் போகும் வழிகள் வேறு விஷயம். காற்றுக் கோயிலுக்குப் போக, பனிப்புயலுக்குள் மிதக்கும் கப்பல்களின் பாய்களில் குதித்துக் குதித்து மேலே ஏற வேண்டும்; ஏற ஏற இசையும் ஒவ்வொரு வாத்தியமாகக் கூடிக்கொண்டே போகும். மேலே போனதும் வானில் நெளியும் ஒரு பூச்சி அரக்கன். அவன் உடலின் பனித்தகட்டை அம்பால் உடைக்கலாம், அல்லது அதன் வழியே நாமே தலைகீழாகப் பாயலாம். நான் பாய்ந்தேன். கோயிலுக்குள் இருந்த ஐந்து பூட்டுப் புதிர்களில் ஒன்றுகூட இப்போது நினைவில் இல்லை, அந்தப் பாய்ச்சல் அப்படியே இருக்கிறது.

பாதாளத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஹைரூலுக்குக் கீழே அதே அளவில் இன்னொரு இருண்ட உலகம். மேலே மலை என்றால் கீழே பள்ளம், மேலே ஏரி என்றால் கீழே ஏற முடியாத சுவர். மேலே ஒரு சன்னதி (சின்னப் புதிர்க்கூடம்) இருந்தால் நேர் கீழே ஒரு ஒளிவேர். ஆங்கிலத்தில் அந்தச் சன்னதியின் பெயரைத் திருப்பி எழுதினால் அதுதான் வேரின் பெயர். இதைக் கேம் சொல்லித்தருவதில்லை. நாமே கண்டுபிடிக்கும் அந்த மாலை பிரமாதமாக இருக்கும். அதன்பிறகு இருபது மணி நேரம் ஒரே மாதிரி இருட்டு. வானத்தீவுகளில் ஆரம்பத் தீவு மட்டும் அற்புதம், மீதி சிதறிய கற்கள். விளம்பரப் படங்களைப் பார்த்து வானம் பெரிதாக இருக்கும் என்று நினைத்தவர்களுக்கு ஏமாற்றம்தான்.

ஆனாலும் அந்த வானத்திலிருந்து குதித்து, நாட்டைத் தாண்டி, தரையில் திறந்திருக்கும் ஒரு பிளவுக்குள் பாய்ந்து, பாதாளத் தரையைத் தொடும்வரை ஓரிடத்திலும் ‘லோடிங்’ என்று திரை நிற்பதில்லை. இது 2017இல் வந்த ஒரு கையடக்கக் கருவியில். வேகம் நொடிக்கு 30 ஃப்ரேம்தான்; பெரிதாக எதையாவது ஒட்ட அல்ட்ராஹேண்டை எடுத்தாலே அதுவும் தடுமாறும்.

அந்தத் தடுமாற்றத்தை 2025 ஜூனில் வந்த அடுத்த கருவி ஸ்விட்ச் 2 சரிசெய்துவிட்டது. அதற்கென வந்த பதிப்பில் படம் கூர்மை, 60 ஃப்ரேம், வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. அடிசனின் பலகை இப்போது ரொம்ப நயமாக ஆடுகிறது. டூலினும் கொம்பை அதே உற்சாகத்தோடு மலைக்குக் கீழே தள்ளிவிடுகிறான், இன்னும் தெளிவாகத் தெரிகிறது.